லாடத்தைக் காட்டுங்கள்

முதலில் நடக்கவிடுங்கள் என்றேன்.
முனவ்வர் பாய் பிடரி வாரிக்கொண்டிருந்தார்.
"கண்ணுக்கு நிறைவாப் பாருங்க மேடம், அவசரம் என்ன?"
வாரியதெல்லாம் ஒரே பக்கமாக விழுந்தது.
அதற்கு அடியில் ஒரு சுழி.
எண்ணெய் வைத்துப் படியவைத்திருந்தார்.

சுழிக்குப் பயப்படுகிறவள் இல்லை.
ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினாறு வருஷமாக
கடைசி மேஜை என்னுடையது.
கப்பலேறும் பெட்டியை மூடலாமா
கூடாதா என்று சொல்கிற மேஜை.
ஒரு தையல் அரை நூல் விலகினாலும்
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடும்
இந்த விரல்.

பெண்குதிரை. கத்தியவார் கலப்பு.
வயது ஏழு என்றார் அவர்.
ஒன்பது என்றது பல்.

கொட்டகைக்குப் பின்னால் இறங்கினால் பாலாறு.
ஆறு என்பது பேருக்கு;
லாரிகள் விட்டுவைத்த மணல், சீமைக்கருவேலம்,
எங்கோ ஒரு கோடாய்த் தோல்தொட்டித் தண்ணீர்.
அதில் நடத்திக் காட்டினார்.

எதிரில் நின்று பார்த்தேன்.
வலது முன்குளம்பு
யாரோ கூப்பிட்டதுபோல் வெளியே திரும்பியிருந்தது.
ஒவ்வோர் எட்டுக்கும் உள்பக்கமாக ஒரு வளைவு போட்டு
இடதுகாலை உரசாமல்
உரசாமல்
ஒருமுறை உரசி
தாண்டியது.
பின்னால் போனேன்.
பின்னங்கால் முட்டிகள் இரண்டும்
ரகசியம் பேசுகிற நெருக்கத்தில். மாட்டுக்கால்.
முதுகில் லேசான தொய்வு.
தோள் மட்டும் நல்ல சரிவு;
எட்டு நீளமாக விழுந்தது.

"இது வேணாம்னா அவனைப் பாருங்க."
கறுப்பன். பெங்களூர் ரேஸில் ஓடியவன்.
கழுத்தை வளைத்து நின்றால்
காலண்டரில் போடலாம்.
பக்கவாட்டில் குனிந்து பார்த்தேன்:
முன் முழங்கால் பின்பக்கமாக வாங்கியிருந்தது,
நாற்காலியின் காலை யாரோ
தலைகீழாய்ப் பொருத்தியதுபோல.
கோணலோடு காலம் தள்ளலாம்.
இது ஒருநாள் ஓட்டத்தில்
என் பாரமும் சேர்ந்து
முறியக் காத்திருக்கிற இடம்.
அழகாயிருக்கிறான் என்றேன். உண்மைதான்.
கட்டிவிடச் சொன்னேன்.

"அவளோட பழைய லாடம் இருக்கா?"

பாய் சீப்பை நிறுத்தினார்.
இத்தனை வருஷத்தில்
பல்லைக் கேட்டிருக்கிறார்கள், சுழியைக் கேட்டிருக்கிறார்கள்,
ஜாதகம்கூட ஒருத்தர் கேட்டாராம்.
பையன் சாக்கைக் கவிழ்த்து
நான்கைப் பொறுக்கிக்கொண்டு வந்தான்.

தேய்ந்த குதிகாலைப் பார்த்தே
ஆள் எப்படி நடப்பார் என்று சொல்லிவிடுவேன்.
வலது முன்லாடம் உள்விளிம்பில் கத்தியாகியிருந்தது.
மற்ற மூன்றும் சமம்.
வலி என்றால் எதிர்மூலைக் கால் காட்டிக்கொடுத்திருக்கும்,
சுமையை வாங்கி வாங்கித் தேய்ந்து.
இவள் தன் கோணலைத்
தானே நடந்து தீர்த்துக்கொண்டிருந்தாள்.

மேஜையில் எனக்கு ஒரு வசதி உண்டு:
யார் கால், எந்த ஊர் மழை, எவ்வளவு தூரம்
எதுவும் தெரியாமல் கழித்துவிடலாம்.
இங்கே எல்லாமே தெரிந்து தொலைக்கிறது.
கால் என்னுடையது. அறுபத்தெட்டுக் கிலோ
(பாயிடம் அறுபத்திரண்டு).
ஞாயிறு விடிகாலை, மாதனூர் வரை,
மணலில் மட்டும். தார் ரோடு கிடையாது.
தாண்டிக் குதிக்கிற வயது
எங்கள் இருவருக்குமே இல்லை.

குளம்புக்கு எட்டாயிரம் குறைத்தேன்.
பின்காலுக்கு நாலு.
வயதில் ஒளித்த ரெண்டு வருஷத்துக்கு
அவரே ஆயிரம் விட்டார், பார்வையைத் திருப்பிக்கொண்டு.
"அந்தச் சுழிக்கு?"
அதற்கு எதுக்குங்க என்றேன்.
தோள்துண்டை எடுத்து
எண்ணெயைத் துடைத்துவிட்டார்.
மயிர் மெல்ல எழுந்து
தன் வட்டத்துக்குத் திரும்பியது.

வியாழக்கிழமை டாக்டர் வந்து
முட்டியைப் படம் எடுப்பார்.
அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.
அட்வான்ஸ் ரெண்டாயிரம், ரசீதோடு.

பஸ்ஸில் ஏறியதும்
பைக்குள் விரல் தானாக ஸ்டிக்கர் தாளைத் தடவியது.
வேறொன்று நினைத்துக்கொண்டிருந்தேன்:
கம்பெனியில் கழித்துப்போட்ட தோல்,
உள்ளே மெத்தென்று ஒரு ஸ்பாஞ்சு, ரெண்டு பக்கிள்.
உரசும் இடத்துக்கு ஓர் உறை தைக்கவேண்டும்.
இடதுகாலுக்கு மட்டும்.
ஜோடி தேவையில்லை.